என் கணவர் சிலிண்டராக இருந்த காலம்

எங்கள் குசினி வெடித்தது ஒரு பள்ளிக்கூட நாள் காலையில். காஸ் குழாயில் எங்கேயோ கசிவு இருந்திருக்கிறது. நான் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு உப்புப் போத்தலை எடுக்க நடைக்கு வந்தேன். எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பியதும் முகத்துக்கு முன்னால் வீடே ஒருமுறை குலுங்கியது. கண்ணாடி அடுப்பு தூளாகிப் போனது. யன்னல் சட்டத்தோடு கழன்று, கீழே வெள்ளவத்தை ஒழுங்கையில் நின்ற முச்சக்கரவண்டியின் கூரையில் போய் விழுந்தது. வண்டிக்காரர் நல்ல காலம் பிளேன்ரீ குடிக்கப் போயிருந்தார். எனக்குப் போனது இரண்டு புருவமும் முன்னந்தலை முடியும் மட்டும். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். தலைப்பாகை உங்களுடையதாக இருந்திருந்தால் இப்படிச் சொல்வீர்களா என்று கேட்க வாய் உன்னியது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கக்கூட வழியில்லாத வீட்டில் நின்றுகொண்டு சண்டை பிடிப்பது அழகில்லை என்று விட்டுவிட்டேன்.

ஏழு வயதான என் மகள் அப்போது ஹோலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் புகைக்குள்ளிருந்து புருவமில்லாமல் வெளியே வந்ததை அவள் பார்த்தாள். "ஒண்டுமில்லை மகள், ஒண்டுமில்லை" என்றேன். அவள் அழவில்லை. மற்றச் சப்பாத்தையும் போட்டு நாடாவைக் கட்டிவிட்டு, "வான் வந்திட்டுதா?" என்று கேட்டாள். எவ்வளவு தைரியமான பிள்ளை என்று அன்று முழுக்க நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம்.

புது அடுப்பு வந்த அன்றுதான் விஷயம் வெளியே வந்தது. நான் திருகியைத் திருப்பினேன். டிக் என்றது. மகள் எழும்பினாள், புத்தகப் பையை முதுகில் போட்டாள், தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டினாள், சப்பாத்துக்குள் காலை விட்டாள். "அம்மா, நீங்க சமையுங்கோ. நான் கீழ நிக்கிறன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, நாலாம் மாடியிலிருந்து படியால் இறங்கிப் போனாள். லிஃப்டில் போகவில்லை. தீ விபத்தில் லிஃப்டில் ஏறக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்களாம்.

அடுப்பை மூடிவிட்டு மின்சாரத் தட்டு வாங்கினோம். அதற்கும் இறங்கினாள். சமையலையே விட்டுவிட்டு காலி வீதிக் கடைகளில் இடியப்பமும் சோற்றுப் பார்சலும் எடுத்தோம். அப்போதும் இறங்கினாள், ஏனென்றால் எங்கள் தொடர்மாடியில் யாராவது ஒருவர் எந்நேரமும் எதையாவது தாளித்துக்கொண்டிருப்பார். இரண்டாம் மாடியில் வெங்காயம் வதங்கினால் நாலாம் மாடியில் இவள் பையைத் தூக்குவாள். கடைசியில் ஏறி இறங்குவது வீண் வேலை என்று கண்டுகொண்டாளோ என்னவோ, வாசலில் இருக்கும் செக்யூரிட்டி மேசைக்கே குடிபெயர்ந்துவிட்டாள்.

செக்யூரிட்டி வயதான சிங்களவர். தமிழ் அரைகுறை, மனம் முழுசு. "மிஸ், துவ இங்க இருக்கட்டும், பிரச்சினை இல்ல" என்று தன் பக்கத்தில் இன்னொரு கதிரை போட்டார். துவ என்றால் மகள். அந்தக் கதிரையில் இருந்து அவள் வீட்டுப்பாடம் செய்தாள், சோறு தின்றாள், தூங்கி விழுந்தாள். தூங்கியதும் தூக்கிக்கொண்டு மேலே வருவோம். சனங்கள் மெல்ல மெல்ல வீட்டைப் பூட்டி அவளிடம் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். புதிதாக வந்த ஒரு குடும்பம், சின்ன செக்யூரிட்டி தங்களைக் கண்டு எழும்புவதில்லை என்று முறைப்பாடு செய்தது.

பிறகு அவள் காஸ் கொண்டுவருகிற ஆட்களைத் திருப்பி அனுப்பத் தொடங்கினாள். தோளில் சிலிண்டரோடு வாசலுக்கு வரும் ஆம்பிளையைப் பார்த்து, பெரியவர்கள் கூப்பிடுகிற மாதிரியே, "மல்லி, காஸ் எபா" என்பாள். தம்பி, காஸ் வேண்டாம். ஒரு சின்னப் பிள்ளை இவ்வளவு அதிகாரமாகச் சொன்னால், வீட்டுக்காரர்தான் சொல்லியனுப்பியிருக்கிறார் என்று அவர்களும் நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். முழுத் தொடர்மாடியிலும் காஸ் தட்டுப்பாடு. நாட்டில்தான் திரும்பத் தட்டுப்பாடு வந்துவிட்டது என்று ஐந்தாம் மாடியில் ஒருவர் விறகு வாங்கி அடுக்கிவிட்டார்.

கொமிட்டித் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். வங்கியில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருக்கு மட்டும் எட்டவில்லை. "பிள்ளை, குழந்தைக்கு ஏதாவது செய்விக்க வேணும்" என்றார். செய்வித்துக்கொண்டுதான் இருந்தோம். நாவூறு பார்த்தாயிற்று. நூல் கட்டியாயிற்று. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா கொண்டுவந்த தீர்த்தத்தையும் தெளித்தாயிற்று. நூலையும் தீர்த்தத்தையும் சுமந்துகொண்டு மகள் ஒழுங்காகக் கீழே இறங்கிப் போனாள்.

கொட்டாஞ்சேனையில் ஒரு மிஸ் இருக்கிறா என்று என்னோடு கந்தோரில் வேலை செய்கிற ஒருத்தி சொன்னாள். அதிர்ச்சியடைந்த பிள்ளைகளை விளையாட்டால் தேற்றுகிறவர். சாமான் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் அறை. அறை நிறைய பொம்மை வீடு, மண் தட்டு, விலங்குகள், கைப்பாவைகள். வெளியே விறாந்தையில் பெற்றோருக்குப் பிளாஸ்டிக் கதிரைகள். மிஸ் இளம் பெண். நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து மகளைப் பார்த்து, "இங்க நீங்க விரும்புறதைச் செய்யலாம்" என்றார். மகள் உடனே கதவுப் பக்கம் போய், கீழே இறங்குகிற படி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள்.

என் கணவர் யாழ்ப்பாணத்து ரியூட்டரிகளில் வளர்ந்தவர். இப்போது இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை ரியூஷன் இருப்பதால் அவருக்குத் தான் ஊரை விட்டு வந்த நினைப்பே கிடையாது. முதல் நாளே மிஸ்ஸிடம், "சிலபஸ் என்ன மிஸ்?" என்று கேட்டார். பகிடி என்று நினைத்து மிஸ் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"எப்ப முடிப்பீங்கள்?" என்றார்.

"பிள்ளைதான் முடிக்கணும்" என்றார் மிஸ்.

"அப்ப வீட்டில என்ன செய்விக்கிறது? ரிவிஷனுக்கு?"

மிஸ் என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

இவர் மட்டும் என்றில்லை. விறாந்தையில் இருந்த பெற்றோர் எல்லோரும் எங்கள் சாதிசனம்தான். களனி ஆறு பெருகி வீட்டுக்குள் வந்ததைக் கண்ட ஒரு சின்னப் பெண்ணின் தாய் அங்கே வருவார். அவருடைய பிள்ளை மண் தட்டில் தண்ணீர் ஊற்றி விளையாடத் தொடங்கிவிட்டதாம். அதை அவர் சொன்ன விதத்தில் புலமைப்பரிசில் பாஸ் பண்ணின தொனி இருந்தது. வீட்டுக்கு வரும் வழி முழுக்க என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "அந்தப் பிள்ளை மண் தட்டுக்குப் போயிட்டுது. எங்கட பிள்ளை இன்னும் பொம்மை வீட்டிலதான் நிக்குது" என்றார். அடுத்த கிழமையே சனிக்கிழமைகளுக்கென்று படம் கீறி நிறம் பூசவைத்துத் தேற்றுகிற இன்னொரு மிஸ்ஸை இரத்மலானையில் கண்டுபிடித்துவிட்டார். இவர் பாடத்துக்கு இரண்டு ரியூஷன் போய்ப் படித்த ஆள். பிள்ளைக்கும் அதுதான் நல்லது என்று நம்பினார்.

கொட்டாஞ்சேனை மிஸ்ஸும் சும்மா சொல்லக்கூடாது, கஷ்டப்பட்டார். மூச்சைச் சமாளிக்கப் பழக்கினார். எல்லோரும் மெழுகுதிரியை ஊதச் சொல்வார்களாம். இவளுக்கு நெருப்பு ஆகாது என்று சூடான சூப்பை ஊதுகிற மாதிரி மெதுவாக ஊதச் சொன்னார். மகள் கையில் இல்லாத கோப்பையை நன்றாகப் பார்த்துவிட்டு, "இந்த சூப்பை எந்த அடுப்பில காய்ச்சினது?" என்று கேட்டாள். அன்றோடு சூப்பை விட்டுவிட்டுச் சவர்க்காரக் குமிழி ஊதினார்கள்.

ஒரு நாள் மிஸ் எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு, பிளாஸ்டிக் கதிரை தராமல் நிலத்தில் இருத்தினார். "இன்னொரு மிஸ் வேணாம். நான் வாரத்துக்கு ஒருக்காத்தான். நீங்கதான் ஒவ்வொரு நாளும்" என்றார். தினமும் அரைமணி நேரம், கீழே அவள் கதிரைக்குப் பக்கத்திலேயே, நெருப்பு இல்லாத இடத்தில், பிள்ளை சொல்கிறபடி விளையாட வேண்டும். பிள்ளைதான் நடத்தும், நாங்கள் பின்னால் போக வேண்டும். கண்ட விஷயத்தைச் சொல்லலாம். படிப்பிக்கக் கூடாது. திருத்தக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது.

கடைசி விதியில்தான் என் கணவர் விழுந்தார். எங்கள் ஆட்களுக்குக் குழந்தையோடு கதைப்பது என்றால் கேள்வி கேட்பதுதான். வேறு பாஷை தெரியாது. பிள்ளை யானையைத் தூக்கினால் இது என்ன, இரண்டு யானையைத் தூக்கினால் மொத்தம் எத்தனை, மூன்றாவதைத் தூக்க முதல் இங்கிலிஷில் சொல்லு. முதல் நாள் அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் இருந்தார். பொத்திய கைக்கு உள்ளேயிருந்து, "அந்தக் கார் என்ன நிறம்?" என்று சத்தம் வந்தது. மகள் விளையாட்டுச் சாமானை மூடி வைத்துவிட்டு, யாரோ விட்டுப்போன திறப்பை எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை. ஆனால் பதிலுக்கு நான் அவளிடம், "ஏன் மகள் மூடிப்போட்டீங்கள்?" என்று கேட்டேன். அதுவும் கேள்விதான்.

கேள்வி இல்லாமல் இருக்கப் பழகியபோது வெடிப்பு விளையாட்டு வந்தது. வெடிப்பைத் திரும்பத் திரும்ப விளையாடினால் தடுக்க வேண்டாம் என்று மிஸ் முன்பே சொல்லியிருந்தார். பயந்த பிள்ளைகள் அப்படித்தான் அதை மென்று விழுங்குமாம். "ஆனா விளையாட்டுக் கொஞ்சமாவது மாறுதா எண்டு பாருங்க. மாறாம அப்பிடியே சுத்திச்செண்டா என்னட்டச் சொல்லுங்க" என்றார்.

மகள் வேலைகளைப் பிரித்தாள். அப்பாதான் சிலிண்டர். நீலப் போர்வையால் கழுத்துவரை சுற்றி, தலையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, வாசல் மூலையில் குந்தவைத்தாள். வேலை முடிந்து கழுத்துப்பட்டியோடு வந்த மனிசன். "வெடியுங்கோ" என்றாள். அவர் "டொப்" என்றார்.

"அப்பா, அது பட்டாசு. சிலிண்டர் அப்பிடி வெடிக்காது."

"அப்ப எப்பிடி வெடிக்கும்?" என்றார் அவர்.

விதி மீறல்தான். ஆனால் அவருக்கு உண்மையாகவே விடை தெரியாது. குசினி வெடித்த அன்று அவர் வெள்ளெனவே இரத்மலானைக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார். மகள் அவர் முன்னால் குந்தியிருந்து சொன்னாள். முதலில் சத்தம் வராது. குசினி நீலமாகும். காதுக்குள்ளே அடைக்கும். பிறகுதான் சத்தம், அதற்குப் பிறகு அம்மா இல்லை, புகை மட்டும். கோப்பை தலையில் ஆடாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் இவ்வளவு நேரம் இடையில் பேசாமல் எதையும் கேட்டதை நான் கண்டதில்லை.

காஸ் பிரச்சினையை இறுதியாகக் கதைத்து முடிப்பதென்று கொமிட்டித் தலைவர் ஒரு பின்னேரம் இறங்கி வந்தார். எங்கள் அரைமணி நேரம் நடந்துகொண்டிருந்தது. மகள் அவரை நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், நீங்க யன்னல்" என்றாள்.

"நான் கதைக்க வந்தனான்" என்றார் அவர்.

"யன்னல் கதைக்காது."

அவர் என்னைப் பார்த்தார். நான் விதிகளைச் சொன்னேன். பெருமூச்சு விட்டுப் போய்ச் சுவரோடு நின்றார். சிலிண்டர் வெடித்ததும் யன்னல் விழ வேண்டும். முழங்கால் நோவால் மெல்ல மெல்ல இறங்கினார்.

"யன்னல் கெதியா விழும்."

"இது பழைய யன்னல் பிள்ளை."

அவள் யோசித்து அனுமதி கொடுத்தாள். செக்யூரிட்டிக்குப் பிளேன்ரீ குடிக்கப் போன வண்டிக்காரர் வேஷம். ஒவ்வொரு முறையும் அவர் ஓரமாகப் போய், பிளாஸ்கிலிருந்து உண்மையாகவே பிளேன்ரீ ஊற்றிக் குடித்தார். அடுத்த நாள் பின்னேரம் தலைவர் தானாகவே வந்து சுவரோடு நின்றார். காஸைப் பற்றி வாய் திறக்கவில்லை. சாரத்துக்குள் முழங்காலுக்குப் பட்டி கட்டி வந்திருந்தார்.

எனக்குக் கிடைத்தது அம்மா வேஷம். சுலபம் என்று நினைத்தேன். வெடித்ததும் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, நடந்தபடியே சொன்னேன்: "ஒண்டுமில்லை மகள், ஒண்டுமில்லை."

"பிழை" என்றாள். "திரும்ப."

திரும்பச் சிலிண்டர் வெடித்தது, யன்னல் விழுந்தது, பிளேன்ரீ ஊற்றப்பட்டது. "கடவுள் காப்பாத்திப் போட்டார்" என்றேன். பிழை. "அம்மா இருக்கிறன் தானே" என்றேன். பிழை. அடுத்த நாளும் பிழை, அதற்கடுத்த நாளும் பிழை. என் கணவர் போர்வைக்குள்ளிருந்து விடை சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். வீதியால் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு நாள் எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. தூணுக்குப் பின்னாலிருந்து வந்து கத்தினேன்: "எனக்குப் பயமா இருந்தது! சரியான பயம்! செத்துப்போவன் எண்டு நினைச்சன், உன்னைப் பாக்கமாட்டன் எண்டு நினைச்சன்!" கத்தி முடித்த பிறகுதான் அது உண்மை என்று எனக்கே விளங்கியது. அதுவரை நான் அதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. தலைவர் நிலத்தில் கிடந்தபடி கண்ணைத் துடைத்தார்.

மகள் தலையை ஆட்டினாள். "சரி" என்றாள்.

நான் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மிஸ்ஸிடம் தொலைபேசியில் சொன்னேன். "மாறியிருக்கு, நல்லம். ஆனா அவ இன்னும் முடிக்கேல்ல" என்றார். அவர் சொன்னது சரி. அடுத்த நாள் காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுகிற நேரம், மகள் முதல் முறையாக விளையாட்டை வீட்டுக்குள்ளேயே நடத்த வேண்டும் என்றாள். பை முதுகில், போத்தல் கழுத்தில், சப்பாத்துக் காலில். தயாராகத்தான் நின்றாள். அப்பாவைப் போர்வையோடு நடையில் குந்தவைத்தாள். என்னை உண்மைக் குசினிக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

"இண்டைக்கு அம்மா வெளிய வரமாட்டா" என்றாள்.

சிலிண்டர் நன்றாக வெடித்தது. இப்போது அவருக்கு அது கைவந்த கலை. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் புது அடுப்புக்குப் பக்கத்தில் செத்துப்போய் நின்றேன். செத்துப்போனால் இருக்கவேண்டுமா நிற்கவேண்டுமா என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"அப்பா, அம்மா வரேல்லை" என்று அவள் சொல்வது கேட்டது. "போர்வையைக் கழட்டுங்கோ. இப்ப நீங்க அப்பா."

போர்வை சரசரத்தது.

"அம்மா இல்லாட்டி என்ர தலை ஆர் பின்னுறது? ரெட்டைப் பின்னல் இல்லாட்டி ரீச்சர் ஏசுவா."

ஒரு பிள்ளை இத்தனை காலமாக இதையா சுமந்துகொண்டு படி இறங்கியது என்று நான் கதவில் தலையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் அழாமல், பிள்ளைக்குத் தைரியம் சொல்லாமல், கடவுளை இழுக்காமல், உண்மையைச் சொன்னார்: "எனக்குப் பின்னத் தெரியாது குஞ்சு."

"அப்ப பழகுங்கோ."

சீப்பு எடுக்கும் சத்தம். கதிரை இழுபடும் சத்தம். "ஆ! நோகுது" என்ற சத்தம். அவர் முடியை இரண்டாகப் பிரித்து முறுக்குகிறார் என்று கதவுக்கு இந்தப் பக்கத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பொறுக்க முடியவில்லை. "மூண்டாப் பிரியுங்கோ!" என்று கத்தினேன்.

"செத்த ஆக்கள் கதைக்கக்கூடாது" என்றாள் மகள்.

வாயை மூடிக்கொண்டேன். வெளியே அவிழ்ப்பதும் பின்னுவதும் மறுபடி அவிழ்ப்பதுமாக இருந்தது. இடது பக்கம் மேலே போய்விட்டதாம், வலது பக்கம் கயிறு மாதிரி இருக்கிறதாம். கேள்வியே கேட்காமல் அவர் வேலை செய்தார். எனக்குக் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பும் வந்துகொண்டிருந்தது. செத்தவளுக்கு இரண்டும் ஆகாது என்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கினேன்.

"அம்மா" என்றாள் மகள்.

நான் பதில் சொல்லவில்லை. பகிடியா பரீட்சையா தெரியவில்லை.

"அம்மா, இப்ப கதைக்கலாம். அப்பா முடிக்க நேரம் போகும் போல கிடக்கு. சும்மா நிக்காமப் பருப்பை வையுங்கோ, எனக்குப் பசிக்குது."

பருப்பைக் கழுவினேன். தண்ணீர் விட்டேன். கதவை நீக்கலாகத் திறந்து வைத்துவிட்டு, அவள் கேட்க, "மகள், பத்தவைக்கப் போறன்" என்றேன். நீக்கலால் அவள் முதுகு தெரிந்தது, பை தெரிந்தது, அவள் தலைமுடியில் இரண்டு கையையும் கொடுத்துவிட்டு நின்ற அவர் தெரிந்தார்.

டிக் என்றது. அவள் தோள் இரண்டும் காதுவரை உயர்ந்தன. பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள். கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டாள்.

"அப்பா, விடாதேங்கோ" என்றாள்.

"விடமாட்டன்" என்றார் அவர்.

அவள் திரும்ப இருந்தாள். ரெட்டைப் பின்னலில் ஒன்று முடிவதற்குள் பருப்பு வெந்துவிட்டது.